புழுவுக்கு வைத்த படை

அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்புகின்றன. பெரம்பலூரில் மக்காச்சோளம் அடிக்கும் களங்களில் தூசி பறக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் அதைச் சுவாசித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். தம்பிக்கு நள்ளிரவில் இழுப்பு வருகிறது. தூசி மட்டுமே காரணமென்றால் இருவருக்கும் வந்திருக்க வேண்டுமே?

ஒவ்வாமையைத் தூண்டுபவை பெரும்பாலும் புரதங்கள். பூஞ்சை வித்துகள், பார்த்தீனிய மகரந்தம், தலையணையில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் கழிவு ஆகியவற்றில் அவை உண்டு. மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள டென்ட்ரிடிக் செல்கள் அந்தப் புரதத்தைப் பிடித்து, நிணநீர் முடிச்சில் இருக்கும் டி செல்களிடம் காட்டுகின்றன. ஒவ்வாமை உடல்வாகு உள்ளவர்களிடம் அந்த டி செல்கள் 'டிஹெச்2' வகையாக மாறி, மூன்று இன்டர்லூகின்களைச் சுரக்கின்றன. இன்டர்லூகின்-4 ஐஜிஇ எதிர்ப்பொருளை உருவாக்கத் தூண்டும். இன்டர்லூகின்-5 ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களைப் பெருக்கும். இன்டர்லூகின்-13 சளியைக் கூட்டும்.

ஐஜிஇ, மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மறுபடி வந்தால் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் வெளியாகி மூச்சுக்குழாய் இறுகும். சில மணி நேரம் கழித்து ஈசினோஃபில்கள் வந்து குவிய, குழாயின் உட்சுவர் வீங்கும். பகலில் களத்தில் நின்றவருக்கு இரவில் மூச்சு முட்டுவதற்கு இந்த இரண்டாம் அலையும் ஒரு காரணம்.

சுண்ணாம்புப் புழுதியில் இத்தகைய புரதம் இல்லை. ஆனால் எந்தத் துகளும் சுவாசப்பாதையின் மேல்படலத்தைப் புண்படுத்தினால், அந்தப் படலம் இன்டர்லூகின்-33 என்ற அபாய அறிவிப்பை வெளியிடும். உடனே ஐஎல்சி2 என்ற நோய் எதிர்ப்புச் செல்கள், பழைய அறிமுகம் எதுவும் தேவைப்படாமல், இன்டர்லூகின்-5, இன்டர்லூகின்-13 இரண்டையும் சுரக்கத் தொடங்கும். இந்தச் செல்களை அறிவியல் தெளிவாக அடையாளம் கண்டதே 2010 வாக்கில்தான்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு உடலுக்கு எதற்கு? ஒட்டுண்ணிப் புழுக்களை விரட்டத்தான். அன்றைய சென்னை மாகாணத்தில், மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், ஃப்ரிமொட்-மோலரும் பார்ட்டனும் 1940-ல் ஒரு விசித்திரமான நோயை விவரித்தார்கள். பார்வைக்குக் காசநோய்; ரத்தத்திலோ ஈசினோஃபில்கள் ஏராளம். யானைக்கால் நோய்ப் புழுவின் நுண்குஞ்சுகளை நுரையீரல் மூர்க்கமாக எதிர்ப்பதன் விளைவு அது என்று பின்னர் தெரிந்தது. டைஎத்தில்கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலோருக்குக் குணமாகும். அதனால்தான் ஈசினோஃபில் மிக அதிகமாக இருந்தால், ஆஸ்துமா என்று முடிவுகட்டும் முன் மருத்துவர்கள் இதையும் யோசிக்கிறார்கள்.

ஆஸ்துமாவுக்கு வழி வேறு. சால்புடமால் இறுகிய தசையைத் தளர்த்தும். ஈசினோஃபில்களை அது தொடுவதில்லை. வீக்கத்தை அடக்குவது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. சால்புடமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான 'ஜீனா' 2019-ல் அறிவுறுத்தியது. "பம்பு பிடித்தால் பழகிவிடும்" என்று பயந்து, இழுப்பு வரும்போது மட்டும் மருந்தெடுப்பவர்களுக்கு மூச்சு திரும்பிவிடலாம். உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும்.