வாசலைக் கடந்து போகிறோம், உள்ளே போவது எப்போது?

"வாத்தியாரய்யா, அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துல நம்ம பிள்ளைங்களையும் சேர்த்துக்குவாங்களா?"

என்னிடம் இப்படிக் கேட்டவர் செம்பனைக் குலை அறுக்கும் ஒரு தகப்பனார். பல ஆண்டுகளாக ஒவ்வொரு விடியற்காலையும் பெஸ்தாரி ஜெயா பல்கலைக்கழக வாசலைக் கடந்துதான் அவருடைய மோட்டார் சைக்கிள் வேலைக்குப் போகிறது. அந்த வாசலில் ஒரு நாளும் அவர் நின்றதில்லை. மகள் படிவம் ஐந்துக்கு வந்த பிறகுதான் கேள்வி பிறந்தது.

சேர்த்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். அவருக்குச் சொன்னதை, கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் வாழும் பெற்றோர்களாகிய உங்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

நம் பாட்டன்மார் காலத்தில் மலாயாவுக்கு இருந்தது ஒரே ஒரு பல்கலைக்கழகம். 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகம் அது. 1959இல் கோலாலம்பூரில் அதற்குத் தன்னாட்சி பெற்ற ஒரு பிரிவு அமைந்தது. தோட்டத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேர்வது எட்டாக் கனியாகவே இருந்தது. இன்று நிலைமை வேறு. ஈயம் தோண்டிய ஊர் என்று நாம் அறிந்திருந்த பத்தாங் பெர்ஜுந்தை, 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. 1999இல் சிலாங்கூர் மாநில அரசு தோற்றுவித்த யுனிசெல் என்னும் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் அங்கேதான் இருக்கிறது. தொடக்கத்தில் அதன் பெயர் சிலாங்கூர் தொழிலியல் பல்கலைக்கழகம். இப்போது சிலாங்கூர் பல்கலைக்கழகம். ஷா ஆலாமிலும் அதற்கு ஒரு வளாகம் உண்டு.

வடக்கே சென்றால், மாநில எல்லையைத் தாண்டியதும் தஞ்சோங் மாலிம். அங்கே 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997இல் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தமிழாசிரியர் ஆவதற்கான பட்டப் படிப்பும் அங்கே உண்டு. சபா பெர்ணாமில் சுல்தான் இட்ரிஸ் ஷா பெயரில் ஒரு பல்தொழில் கல்லூரி நடக்கிறது. இத்தனையும் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும், நம் பிள்ளைகளில் பலர் பரீட்சை முடிவு வந்த மறு வாரமே தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அறிவுக் குறைவு அதற்குக் காரணம் அன்று. பாரம் எங்கே, தேதி என்றைக்கு, பணம் யார் தருவார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாததே காரணம்.

எந்தக் கதவை முதலில் தட்டுவது?

ஒன்றை மறந்துவிடாதீர்கள். யுனிசெல் மாநில அரசுக்குச் சொந்தமானது என்றாலும், சட்டப்படி அது தனியார் பல்கலைக்கழகமே. ஆகவே கட்டணம் அரசாங்கப் பல்கலைக்கழகத்தைவிடக் கூடுதலாக இருக்கும். செலவு குறைந்த கதவுகளை முதலில் தட்டுவதே புத்திசாலித்தனம்.

அரசாங்கப் பல்கலைக்கழகம், பல்தொழில் கல்லூரி, சமூகக் கல்லூரி எல்லாவற்றுக்கும் யூ.பி.யூ. என்னும் ஒரே விண்ணப்பம் போதும். எஸ்.பி.எம். முடித்த மாணவர் அதில் 12 படிப்புகள் வரை வரிசைப்படுத்திக் கேட்கலாம். இரண்டு மூன்றை மட்டும் எழுதிவிட்டு விதியை நொந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டையும் நிரப்பச் சொல்லுங்கள். பல்தொழில் கல்லூரியில் ஒரு பருவத்துக்குப் படிப்புக் கட்டணம் ஏறக்குறைய 200 வெள்ளிதான். மெட்ரிகுலேஷன் வழியையும் மறக்க வேண்டாம். அதன் விண்ணப்பத் தேதியைத் தவறவிடக் கூடாது. படிவம் ஐந்து படிக்கும்போதே பள்ளியில் விசாரியுங்கள். படிவம் ஆறும் ஒரு நல்ல வழி. அதில் நன்றாகத் தேறினால் நேரே பட்டப் படிப்புக்குப் போகலாம்.

இவை கிடைக்கவில்லை, அல்லது பிள்ளை விரும்பும் படிப்பு யுனிசெல்லில்தான் இருக்கிறது என்றால் அங்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பொதுவாக டிப்ளோமா படிப்புக்கு எஸ்.பி.எம். தேர்வில் 3 பாடங்களில் கிரெடிட் வேண்டும். பட்டப் படிப்புக்கு முந்திய அடிப்படைக் கல்விக்கு 5 வேண்டும். தொழிலைப் பொறுத்துக் கூடுதலாகவும் கேட்பார்கள். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால், மற்றப் பாடங்களில் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. வரலாற்றுக்கு இந்த விதி 2013 முதல் நடைமுறையில் உள்ளது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் நிறையத் தேவைப்படும். "தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை திணறுமோ" என்று அஞ்ச வேண்டாம். படிவம் ஒன்றிலிருந்தே நாளுக்கு அரை மணி நேரம் ஆங்கிலம் படித்து வந்தால் போதும்.

பணத்துக்கு என்ன வழி?

பெரும்பாலான பிள்ளைகள் நம்பியிருப்பது 1997இல் அமைந்த பி.டி.பி.டி.என். கடனைத்தான். இது உபகாரச் சம்பளம் அன்று, கடன். ஆண்டுக்கு நூற்றுக்கு 1 வீதம் நிர்வாகக் கட்டணத்தோடு திருப்பிக் கட்ட வேண்டும். விண்ணப்பிக்கும் முன் பிள்ளையின் பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். இன்றே திறந்து, மாதம் பத்து இருபது வெள்ளி போட்டு வாருங்கள்.

கடன் வாங்குவதற்கு முன் உதவியைத் தேடுங்கள். மாநில அரசின் உபகாரச் சம்பள நிதி இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் உயர்கல்விக்கென்று மாநில அரசு தனியாகவும் உதவி வழங்கி வந்திருக்கிறது. இவ்வாண்டு நிபந்தனை என்ன, கடைசித் தேதி என்ன என்பதை உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். 1984இல் தொடங்கிய எம்.ஐ.இ.டி. கல்விக் கழகமும் நம் மாணவர்களுக்குக் கல்விக் கடன் தந்து வந்திருக்கிறது. கெடாவில் 2001இல் தோன்றிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை உருவாக்கியதும் இக்கழகமே.

தாத்தாவின் தகரப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், நம் பெரியவர்கள் பால்மரம் வெட்டிய கூலியிலிருந்து மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி அங்கத்தினர் ஆனார்கள். அங்கத்தினர் பிள்ளைகளின் படிப்புக்குச் சங்கம் உதவி வந்திருக்கிறது. அந்தப் பங்குப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, சங்கத்தில் விசாரியுங்கள்.

தொழில் தரும் படிப்பு

தாதியர் பயிற்சி, பாலர் கல்வி, கணக்கியல், கணினி, பொறியியல் போன்றவை முடித்தவுடன் தொழிலுக்கு வழிகாட்டும் படிப்புகள். இவற்றில் வகுப்பறைப் பாடத்தோடு மருத்துவமனையிலோ பள்ளியிலோ நிறுவனத்திலோ செய்முறைப் பயிற்சியும் உண்டு. ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது, எஸ்.பி.எம். தேர்வில் குறைந்தது 5 சிறப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள், நேர்முகத் தேர்வும் உண்டு. புத்தகத்தைவிடக் கைவேலையில் நாட்டமுள்ள பையனை ஷா ஆலாம் அட்டெக் போன்ற தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்புங்கள். மின்சாரத் தொழிலும் வெல்டிங்கும் கற்றவன் பசியோடு இருப்பதில்லை.

கையெழுத்துப் போடுமுன்

என் பழைய மாணவி ஒருத்தியின் கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஏதோ ஒரு கல்லூரியின் ஆள் கோயில் மண்டபத்துக்கு வந்து, "படிப்பு இலவசம், மடிக்கணினியும் தருகிறோம்" என்றார். அப்பாவும் மகளும் அன்றைக்கே கையெழுத்திட்டார்கள். அந்த 'இலவசம்' அவள் பெயரில் வாங்கிய கடன்தான். படிப்பு பாதியில் நின்றது. கடன் கடிதம் மட்டும் தவறாமல் வந்தது. இன்று அவள் தொழிற்சாலைச் சம்பளத்தில் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே எந்தப் பல்கலைக்கழகமானாலும் கல்லூரியானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா? தாதியர் பயிற்சி என்றால் தாதியர் வாரியம் ஏற்கிறதா? முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, விடுதியும் சேர்த்து, மொத்தச் செலவு எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பத்திரத்தில் அப்பா பெயர் ஒருவிதமாகவும் அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தால், படிவம் நான்கிலேயே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய்ச் சரிசெய்யுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் காரியம் கைகூடாது.

தொடக்கத்தில் சொன்ன அந்தத் தகப்பனார் ஒரு சனிக்கிழமை மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பெஸ்தாரி ஜெயா வளாகத்துக்குப் போனார். காவலர் தடுப்பாரோ என்று அஞ்சினாராம். அவரோ புன்னகையோடு அலுவலகத்துக்கு வழி காட்டினாராம். பாரமும் கட்டண விவரமும் இப்போது அவர்கள் வீட்டில் இருக்கின்றன. முதலில் யூ.பி.யூ., பிறகு யுனிசெல் என்று மகளே வரிசை போட்டிருக்கிறாள்.

பெற்றோர்களே, அடுத்த முறை அந்த வாசலைக் கடக்கும்போது வண்டியை நிறுத்துங்கள். உள்ளே போய்க் கேட்பதற்குக் கட்டணம் இல்லை.