இல்லறத்தார் கற்குமாறு

கல்வி இளமைப் பருவத்திற்கே உரியதென்றும், மணம் புரிந்து மக்களைப் பெற்றார்க்கு அஃது இயையாதென்றும் கருதுவோர் நம்மிடையே இன்றும் பலர். மாணாக்கர் என்றவுடன், உணவும் உடையும் பெற்றோர் தரப் படித்தலொன்றையே தொழிலாகக் கொண்ட எம்மனோரே பலர் மனக்கண்முன் தோன்றுவர். ஆயின், பகலெல்லாம் பிறரிடத்து உழைத்து, மாலையில் அடுக்களை புகுந்து, மக்கள் உறங்கிய பின்னர் விளக்கின்கீழ்ப் புத்தகம் விரிப்பாரும் மாணாக்கரே. அன்னார் இல்லக் கடமைக்கும் கல்விக்கும் காலத்தை எங்ஙனம் பங்கிடலாம் என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகையார்க்குக் கல்வியின் வாயில் திறக்கப்பட்டது நேற்றன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே, கல்லூரியிற் சேர்ந்து பயிலாதாரும் தன் தேர்வுகளை எழுத வழி வகுத்தது. 1969-இல் அரச சாசனம் பெற்ற பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் மாணாக்கரை ஏற்று, வானொலியையும் தொலைக்காட்சியையும் பாடஞ் சொல்லும் கருவிகளாக்கிற்று. நம் நாட்டில் 1985-இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சட்டத்தால் நிறுவப்பெற்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கத்தார், கல்லுடைக்கும் பெண்டிர்க்கு அவர்தம் வேலை முடிந்த பின்னர் எழுத்தறிவித்ததோடு மிதிவண்டி ஓட்டவும் பயிற்றினர். வாயில்கள் திறந்தே உள்ளன. ஆனால், அவ்வாயில் வரை நடந்து செல்லுதற்குரிய நேரம் வீட்டிலன்றோ கிடைத்தல் வேண்டும்?

எம் அன்னையார் துணிக்கடையொன்றிற் கணக்கெழுதுபவர். தமது நாற்பத்து மூன்றாம் வயதிலே தொலைநிலைக் கல்வி வாயிலாக இளங்கலைத் தமிழ் பயிலத் தொடங்கினார். யான் கல்லூரியிற் கற்கும் நன்னூலையே அவர் அடுக்களையிற் கற்றார். அவர்பாற் கண்டு யான் உணர்ந்தவற்றையே ஈண்டுக் கூறுகின்றேன்.

முதற்கண் செய்யத்தக்கது காலக் கணக்கு. வாரத்திற்கு 168 மணி நேரம். அன்னையார்க்கு உறக்கம் 49 மணி. கடைவேலையும் போக்குவரத்தும் ஆறு நாட்களில் 60 மணி. வீட்டுவேலை நாளொன்றுக்கு 5 மணியாக 35 மணி. நீராடல், உண்ணல், செபம் முதலியன 14 மணி. இவை போக எஞ்சுவது 10 மணியே. இனிப் படிப்பிற்கு வேண்டுவது யாது? இந்திராகாந்தி பல்கலைக்கழகம் தன் பாடங்களைக் கிரெடிட் என்னும் அலகால் அளக்கின்றது. ஒரு கிரெடிட்டிற்கு 30 மணி நேரப் படிப்பு வேண்டுமென்பது அதன் கணக்கு. ஆகவே 4 கிரெடிட் கொண்ட பாடமொன்றிற்கு 120 மணி ஆகின்றது. அதனை 24 வாரங்களிற் பகுத்தால் வாரத்திற்கு 5 மணியாம். பத்து மணி உடையார் ஒரு பருவத்தில் இரண்டு பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுதலே முறை. நான்கு எடுத்தால் உறக்கத்தைத் திருடல் நேரும். மூன்றாண்டில் முடிக்கத்தக்க இளங்கலைப் படிப்பை ஆறாண்டு வரை நீட்டித்து முடிக்க அப்பல்கலைக்கழகம் இடந்தந்திருப்பது இதுபற்றியே பயனுடைத்து. மெல்ல நடப்பது இழிவன்று. இடையில் வீழ்வதே இழப்பு.

இரண்டாவது, கிடைத்த நேரத்தை அதன் இயல்பறிந்து பயன்படுத்தல். எபிங்ஹவுஸ் என்னும் செர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடஞ் செய்து நினைவின் இயல்பை ஆராய்ந்து, 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களிற் பகுத்து 38 முறை ஓதியே தாம் பெற்றதாக அவர் கண்டார். ஞாயிறன்று ஒருங்கே ஐந்து மணி படித்தலினும் நாள்தோறும் சிறிது சிறிதாகப் படித்தல் நன்றென்பது இதனாற் பெறப்படும். எனவே இல்லறத்தார்க்கு வாய்க்கும் துண்டு நேரங்கள் பயனற்றவையல்ல. சோறு உலையில் வேகும் இருபது நிமிடத்தில், சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து அன்னையார் புணர்ச்சி விதிகளை நெட்டுருச் செய்தார். ஆயின் கட்டுரை வரைதல், புதியதோர் இயலைப் புரிந்துகொள்ளல் ஆகியன இடையறாத ஒரு மணி நேரத்தை வேண்டுவன. அவற்றிற்கு விடியற்காலை நாலரை மணியை அவர் ஒதுக்கினார். அந்நேரத்தில் அவரை எவரும் அழைத்திலர்.

மூன்றாவதே தலையாயது, அது கற்பார் கையிலன்று, உடனுறைவார் கையில் உள்ளது. இந்திய அரசினர் 2019-இல் எடுத்த காலப்பயன் கணக்கின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடுவோருள் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். இவ்வெண்களைப் படித்தபோது என் தலை குனிந்தது. என்னை? சென்ற ஆண்டு, அன்னையாரின் இலக்கணத் தேர்விற்கு முந்திய மாலை, முன்னறிவிப்பின்றி நண்பர் நால்வரை யான் வீட்டிற்கு அழைத்துச் சென்றேன். அவர் ஒன்றுஞ் சொல்லாது புத்தகத்தை மூடிவைத்து மாவு பிசைந்தார். இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் துலக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே யான் உறங்கினேன். அத்தாளில் அவர் தேறவில்லை. தேர்வு என்று என்பதே எனக்கு நினைவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். என் தேர்வு நாட்களோ அவர்க்கு மனப்பாடம்.

அதன்பின் எம் இல்லத்தில் இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். அவர் தேர்வு நாட்களை நாட்காட்டியில் எல்லோரும் காணச் சிவப்பு மையால் எழுதிவைத்தோம். இரவுப் பாத்திரங்களைத் தந்தையாரும், காலை நீர் நிரப்புதலையும் துணி மடித்தலையும் யானும் ஏற்றோம். இதில் ஒன்று கருதத்தக்கது. வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு, பருப்பு எங்கே, உப்பு எவ்வளவு என்று நிமிடந்தோறும் கேட்பின், கற்பாரது கை ஓயுமேயன்றி மனம் ஓயாது. நினைக்கும் பொறுப்பையும் சேர்த்து ஏற்பதே உண்மை உதவி. இவ்வாறு நாளொன்றுக்கு ஒரு மணி மிஞ்சியது. வாரத்திற்கு ஏழு மணி. பத்து மணி பதினேழாயிற்று; பருவத்திற்கு மூன்றாவது பாடமொன்றும் கைகூடிற்று. தவறிய தாளையும் அவர் மீண்டும் எழுதித் தேறினார்.

நான்காவதாக, குறைக்கலாகாதன சில உள. உறக்கத்தைக் குறைத்துக் கற்றது நெஞ்சில் நில்லாது. மாலைச் செபத்திற்குப் பின் குடும்பத்தார் கூடியிருந்து உண்ணும் அரைமணியும், ஓய்வுநாளின் பிற்பகலும் கல்விக்கென்று பறிக்கப்படின், நாளடைவில் வீட்டாரே அக்கல்வியை வெறுப்பர்.

திருமறையில் மார்த்தாள், மரியாள் என்னும் உடன்பிறந்தார் இருவரைக் காண்கின்றோம். ஒருத்தி பணிவிடையால் வருந்தினாள். மற்றொருத்தி ஆண்டவர் பாதத்தருகே அமர்ந்து கேட்டாள். மரியாளின் பங்கு அவளிடமிருந்து எடுபடாதென்று ஆண்டவர் அருளினார். இல்லறத்து மாணாக்கர் அவ்விருவரும் ஓருருவாய் வாழ வேண்டியவர். அடுக்களையில் வேறொருவர் நின்றாலன்றி அவர் அமர்ந்து கேட்டல் எங்ஙனம்?

மாணவ நண்பர்காள்! நம்மைப் படிக்கவைப்பதற்காகத் தம் படிப்பை நிறுத்தியோர் நம் இல்லங்களிற் பலர். அவருள் ஒருவர் மீண்டும் புத்தகத்தை எடுப்பாராயின், அவர்க்கு நாம் தரத்தக்கது புகழ்ச்சியன்று. நாள்தோறும் ஒரு மணி நேரம்.