வைக்கோல் கட்டுற மிஷின் புதுசா வாங்கலாமா, வாடகையே போதுமா? மரக்காணம் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு கணக்கு!

மரக்காணம் என்றதும் ஈ.சி.ஆர். ஓரம் வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருக்கும் உப்புதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். உப்பளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் மேற்கே போனால் வேறு உலகம். பிரம்மதேசம், முருக்கேரி, ஆலங்குப்பம் என்று ஏரிப் பாசனத்தை நம்பி நெல் போடும் ஊர்கள். வீட்டுக்கு இரண்டு கறவை மாடாவது இருக்கும்.

இந்த ஊர்களில் சில வருடங்களாக ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. வைக்கோலை உருளையாகச் சுருட்டிக் கட்டும் 'ரவுண்ட் பேலர்' மிஷினை டிராக்டர் வைத்திருப்பவர்கள் சொந்தமாக வாங்கிவிடலாமா? அரசு மானியம் இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது, ஜி.எஸ்.டி.யும் குறைந்திருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரை ஓர ஊருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி வரும்.

கையால் அறுத்த காலத்தில் இல்லாத பிரச்னை

ஆள் வைத்து அறுத்து, களத்தில் அடித்த காலத்தில் நெல்லோடு வைக்கோலும் களத்துக்கே வந்துவிடும். அங்கேயே போர் போட்டுவிடுவார்கள். இப்போது பெரும்பாலும் அறுவடை மிஷின்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிடும், ஆனால் வைக்கோலை வயலிலேயே கொட்டிவிட்டுப் போய்விடும். அதைக் கையால் அள்ளிக் கட்ட ஆள் கிடைப்பதில்லை. சம்பா அறுவடை நடக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் உப்பளத்திலும் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்குகிறது. ஒரே ஆளை இரண்டு பக்கமும் கூப்பிட்டால் எங்கே போவார்?

பஞ்சாப், ஹரியானாவில் இதே சிக்கல் வந்தபோது விவசாயிகள் தீ வைத்தார்கள். அக்டோபர், நவம்பரில் டெல்லியின் காற்று கெட்டுப்போக அதுவும் ஒரு காரணம். அங்கே அடுத்த பயிரான கோதுமைக்கு அவகாசம் குறைவு, நெல் வைக்கோலை மாட்டுக்குப் போடும் வழக்கமும் குறைவு. நம்ம ஊரில் வைக்கோல் என்றால் மாட்டுக்குச் சோறு. கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகிறது. காளான் வளர்ப்பவர்களும் வாங்குகிறார்கள். அதனால்தான் இங்கே எரிப்பதைவிடக் கட்டுவதில் ஆர்வம் அதிகம்.

மிஷின் எப்படி வேலை செய்யுது?

தமிழ்நாட்டு வயல்களில் அதிகம் பார்ப்பது சின்ன ரவுண்ட் பேலர். 35 முதல் 45 எச்.பி. டிராக்டரின் பின்னால் மாட்டி, பி.டி.ஓ. தண்டு வழியாக ஓட்டுவார்கள். முன்னால் இருக்கும் கம்பி விரல்கள் வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். உள்ளே சுழலும் உருளைகள் அதைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கும். கட்டு நிறைந்ததும் சிக்னல் வரும். டிரைவர் வண்டியை நிறுத்தி, கயிறு சுற்றவிட்டு, பின்கதவைத் திறந்தால் கட்டு பொத்தென்று கீழே விழும். சுமார் 2 அடி விட்டம், 3 அடி நீளம். காய்ந்த வைக்கோல் என்றால் ஒரு கட்டு 20 கிலோ சுமாருக்கு வரும்.

சதுரக் கட்டு போடும் பேலரில் கயிற்றுக்கு முடிச்சுப் போடும் அமைப்பு இருக்கும். அது அடிக்கடி மக்கர் பண்ணக்கூடிய பாகம். ரவுண்ட் பேலரில் முடிச்சே கிடையாது, கயிறு சுற்றி வெட்டிவிடும், அவ்வளவுதான். பழுது குறைவு, விலையும் குறைவு. ஆனால் சதுரக் கட்டை லாரியில் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம், உருளையை அப்படி அடுக்க முடியாது. உள்ளூர் மாட்டுக்குப் போடுகிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. கேரளா லோடு பிடிக்க நினைப்பவர் கவனிக்க வேண்டும்.

முதல்ல இதைக் கேளுங்க: உங்க வயலுக்கு மட்டுமா?

மூன்று ஏக்கர் நெல், இரண்டு மாடு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 40 கட்டு என்றால் 120 கட்டு. கட்டுக்கு 40 ரூபாய் கூலி கொடுத்தாலும் போகத்துக்கு 4,800 ரூபாய்தான். இதற்காக லட்சக்கணக்கில் கடன் வாங்கி மிஷினை நிறுத்திவைப்பதில் அர்த்தமே இல்லை. இங்கே கதை முடிந்தது, வாடகைக்கே பிடியுங்கள்.

அதாவது, இந்த மிஷினை வாங்குவது விவசாயச் செலவு இல்லை, ஒரு தொழில் தொடங்குவது. ஊரார் வயலில் கூலிக்கு ஓட்டினால்தான் போட்ட பணம் திரும்பும். அந்தத் தொழில் இந்த ஊரில் ஓடுமா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் ஊர் ரேட்டைப் போட்டு மாற்றிப் பாருங்கள்.

மிஷின் விலை எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய். முழுவதும் கடன், 10% வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 8,500 ரூபாய். வருடத்துக்கு 1 லட்சத்து 2 ஆயிரம்.

வரவு? ஒரு நாளைக்கு 6 ஏக்கர், 240 கட்டு. கட்டுக்கு 40 ரூபாய் வீதம் 9,600 ரூபாய். இதில் டீசலுக்கு 2,500, கயிறுக்கு 1,000, டிரைவருக்கும் கூட ஒரு ஆளுக்கும் 1,800, கிரீஸ், உதிரிப் பாகத்துக்கு 700, டிராக்டர் தேய்மானத்துக்கு 600. மொத்தம் 6,600 போனால் கையில் நிற்பது 3,000 ரூபாய்.

அப்படியானால் தவணையை மட்டும் கட்டவே வருடத்துக்கு 34 நாள் மிஷின் ஓட வேண்டும். 200 ஏக்கருக்கு மேல். அதற்கு அப்புறம் ஓடுவதுதான் லாபம்.

1.5 லட்சம் மானியம் கிடைத்து, கடன் இரண்டரை லட்சமாகக் குறைந்தால்? வருடத் தவணை 64 ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். 22 நாள், சுமார் 130 ஏக்கர் போதும். மானியம் கிடைப்பதும் கிடைக்காததும் இங்கே எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கூலிக்கு ஓட்டாமல், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி வைக்கோலை நீங்களே வாங்கி, கட்டி, அடுக்கி வைத்து, விலை ஏறும்போது விற்பது. லாபம் இதில்தான் அதிகம் என்பார்கள். ஆனால் அடுக்கி வைக்க மேடான இடம் வேண்டும், மழைக்குத் தார்ப்பாய் வேண்டும், ஒரு தீப்பொறி விழுந்தால் மொத்தமும் போகும். கைமுதல் உள்ளவர்களுக்கே இது சரிப்படும்.

ஆறு ஏக்கர்தானா, பத்து ஓட்ட முடியாதா?

டீலர்கள் சொல்லும் எண் இதைவிடப் பெரிதாக இருக்கும். அது காய்ந்த வைக்கோல், நீளமான வயல், நிற்காமல் ஓடும் வண்டிக்கான எண். கடற்கரை ஊரில் பிரச்னை பனியும் ஈரக்காற்றும். தை, மாசியில் காலை 10 மணி வரைக்கும் வைக்கோல் நனைந்தே கிடக்கும். ஈரத்தோடு கட்டினால் கட்டுக்குள் சூடேறி, சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அந்த வைக்கோலைத் தின்ற மாட்டுக்கு உடம்பு கெடும், பாலும் குறையும். அடுத்த வருடம் அந்த வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிடவும் மாட்டார்.

ஈரப்பதம் 15% அளவுக்குக் கீழே வந்த பிறகு கட்டுவதுதான் பாதுகாப்பு. கையில் கருவி இல்லையென்றால் ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று ஒடிந்தால் கட்டலாம், துணி மாதிரித் துவண்டால் காத்திருங்கள். ஆக, உண்மையில் கிடைப்பது பகல் 10 மணிக்கு மேல் ஆறு, ஏழு மணி நேரம்தான். அதிலும் சின்னச் சின்ன வயல், வரப்பு ஏறி இறங்குவது, ஒவ்வொரு கட்டுக்கும் வண்டியை நிறுத்துவது என்று நேரம் போகும்.

அறுவடை மிஷினையும் கவனிக்க வேண்டும். வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டிச் சிதறவிடும் அமைப்பு அதில் இருந்தால், அறுப்பதற்கு முன்பே நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ஈர வயலில் செயின் வண்டி ஏறி வைக்கோலைச் சேற்றில் அமுக்கிவிட்டாலும் பேலரால் வார முடியாது. வாரினால் மண்ணும் சேர்ந்து வரும்.

ஒரு போகமா, மூணு போகமா?

இதுதான் இந்தப் பகுதியின் முக்கியமான விஷயம். விழுப்புரம் மாவட்டத்தில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று பட்டம் சொல்வார்கள். கிணறு, போர் வசதி உள்ள திண்டிவனம், மயிலம் பக்கம் இரண்டு போகமாவது எடுக்கிறார்கள். ஆனால் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரியை ஒட்டிய நிலங்களிலும், உப்புத் தண்ணீர் ஏறிய நிலங்களிலும் நிலைமை அப்படி இல்லை. மழையை நம்பி ஒரு போகம், அவ்வளவுதான்.

ஒரு ஊரில் அறுவடை தொடங்கினால் இரண்டு, மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அதனால் மரக்காணத்தைச் சுற்றி மட்டும் ஓட்டி 34 நாள் தேற்றுவது கஷ்டம் என்பதுதான் நம் கணிப்பு. நவரைக்குத் திண்டிவனம் பக்கமோ, செய்யூர் பக்கமோ மிஷினோடு போகத் தயாராக இருக்க வேண்டும். அறுவடை மிஷின் வைத்திருப்பவரோடு கூட்டு வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போகிறவர்களுக்கு வேலை நாள் கூடும். வீட்டை விட்டு நகர முடியாது என்பவர் வாங்குவதற்கு முன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

புயலையும் கணக்கில் சேர்க்கணும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் ஏராளமான நெல் வயல்கள் மூழ்கின. நெல் மூழ்கினால் வைக்கோலும் இல்லை. ஆனால் மிஷின் கடன் தவணை அந்த மாதமும் வரும். விவசாயிக்குப் பயிர்க் காப்பீடாவது உண்டு. பேலர் ஓட்டாமல் நின்ற நாளுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். ஒரு வருடத் தவணையாவது கைவசம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

உப்புக்காத்து இரும்பைத் தின்னும்

உப்பளக் காற்றில் சைக்கிள் செயினே தாங்காது. பேலரில் செயின், பேரிங், உருளை எல்லாமே இரும்பு. வருடத்தில் பத்து மாதம் சும்மா நிற்கும் மிஷின் வேறு. சீசன் முடிந்ததும் உள்ளே ஒட்டியிருக்கும் வைக்கோலைச் சுத்தமாக எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, கிரீஸ், ஆயில் அடித்து, கூரைக்குள் நிறுத்த வேண்டும். உள்ளே விடும் வைக்கோல் ஈரம் இழுத்து, அந்த இடத்திலிருந்துதான் துரு தொடங்கும். வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பேன் என்பவருக்கு மூன்றாவது வருடமே செலவு காத்திருக்கிறது. பழைய மிஷின் வாங்குவதாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் துருவைத்தான். பழசுக்கு மானியமும் கிடையாது.

மானியம் எவ்வளவு, எங்கே கேட்பது?

மத்திய, மாநில அரசுகளின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50%, மற்றவர்களுக்கு 40% மானியம். ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயியாக இருந்தால் தமிழ்நாடு அரசு கூடுதலாக 20% தருகிறது. சிறு, குறு என்றால் 5 ஏக்கர் வரை நிலம் உள்ளவர்.

ஆனால் ஒரு நுணுக்கம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அரசு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. விலையில் 50 சதவீதமா, உச்சவரம்பா, எது குறைவோ அதுதான் கிடைக்கும். 'பாதி விலை' என்று டீலர் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அரசு அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாடலாகவும் இருக்க வேண்டும். அனுமதி ஆணை வருவதற்கு முன்பே மிஷினை வாங்கிவிட்டால் மானியம் கிடைக்காது.

உழவன் செயலியிலோ, வேளாண் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று, டிராக்டர் ஆர்.சி. எல்லாம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இதே அலுவலகத்தில் இன்னொன்றும் கேளுங்கள். துறையே டிராக்டர் கருவிகளை வாடகைக்கு விடுகிறது. உங்கள் பகுதிக்கு வைக்கோல் கட்டும் கருவி இருக்கிறதா, அறுவடை நேரத்தில் கிடைக்குமா என்று தெரிந்துகொண்டால், வாங்கும் எண்ணமே மாறினாலும் மாறலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் அறுவடை இயந்திரங்களுக்கும் வைக்கோல் பேலருக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முந்தைய விலை மூன்றரை லட்சம் என்றால் 24,500 ரூபாய் மிச்சம். பில்லில் 5% தானா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், அறுவடைக்கு முன்பே டீலரிடம் டெமோ கேளுங்கள். அவர் காட்டும் வயலில் இல்லை, உங்கள் வயலில், உங்கள் டிராக்டரில். மதியம் வெயிலில் மட்டும் ஓட்டிப் பார்க்காமல், காலை 10 மணிக்கு ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். கட்டிய கட்டில் இரண்டை வாங்கி வந்து ஒரு வாரம் கழித்து அறுத்துப் பாருங்கள், உள்ளே சூடும் வாடையும் இருக்கிறதா என்று. உதிரிப் பாகம் திண்டிவனத்திலேயே கிடைக்குமா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். சீசனில் ஒரு பேரிங்குக்காக மூன்று நாள் மிஷின் நின்றால், மேலே போட்ட கணக்குப்படி 9,000 ரூபாய் போச்சு.