கணவருடன் முடிசூடிய அரசி: இங்கிலாந்தின் இரண்டாம் மேரி

மன்னரை மணந்ததால் அரசி எனப்படும் பெண் வேறு; பிறப்புரிமையால் தாமே அரியணைக்கு உரியவராகும் பெண் வேறு. இரண்டாம் வகையைச் சேர்ந்த மேரி, 1689 முதல் 1694 வரை தம் கணவர் மூன்றாம் வில்லியமுடன் இணைந்து இங்கிலாந்தின் அரசியாக இருந்தார்.

1662இல் பிறந்த மேரியின் தந்தை, பின்னாளில் இரண்டாம் ஜேம்ஸ் என முடிசூடிய யார்க் கோமகன். அவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியபோதும், பெரியப்பாவான மன்னர் இரண்டாம் சார்லசின் கட்டளைப்படி மேரியும் தங்கை ஆனும் புராட்டஸ்டன்ட் நெறியிலேயே வளர்க்கப்பட்டனர். 1677இல், பதினைந்து வயதில், டச்சுக் குடியரசின் தலைவரும் தம் அத்தை மகனுமான ஆரஞ்சு இளவரசர் வில்லியமுக்கு மேரி மணமுடிக்கப்பட்டார். திருமணச் செய்தி கேட்டு அழுத அச்சிறுமி, காலப்போக்கில் கணவரிடமும் டச்சு மக்களிடமும் ஆழ்ந்த பற்றுக் கொண்டார்.

1688 ஜூனில் ஜேம்சுக்கு ஆண் குழந்தை பிறந்ததும், கத்தோலிக்க அரச மரபு நிலைத்துவிடும் என்று அஞ்சிய தலைவர்கள் எழுவர் வில்லியமைப் படையுடன் வருமாறு அழைத்தனர். நவம்பரில் அவர் டார்பேயில் கரையிறங்க, ஆண்டு முடிவதற்குள் ஜேம்ஸ் பிரான்சுக்குத் தப்பியோடினார். மேரியை மட்டும் அரசியாக்கலாம் என்று டேன்பி பிரபு முதலியோர் கருதினர். மனைவிக்குக் கீழ்ப்பட்ட நிலையை வில்லியம் ஏற்கவில்லை. கணவரின்றித் தனித்து முடிசூட மேரியும் இசையவில்லை. ஆகவே நாடாளுமன்றம் இருவருக்கும் சேர்த்தே மகுடத்தை அளித்து, ஆட்சி அதிகாரத்தை வில்லியமிடம் மட்டும் ஒப்படைத்தது. மகுடத்தை அளித்தபோதே, நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி வரி விதித்தலும் சட்டங்களை நிறுத்திவைத்தலும் கூடாது என்ற பிரகடனமும் அவர்கள்முன் வாசிக்கப்பட்டது. அதுவே 1689 டிசம்பரில் உரிமைகள் சட்டமாயிற்று. மகளின் வாரிசுரிமை இல்லாதிருந்தால், இந்த மாற்றம் வெறும் அந்நியப் படையெடுப்பாகவே பலருக்கும் தோன்றியிருக்கும்.

பெயரளவிலான பங்கு உண்மை ஆட்சியானது 1690இல். அயர்லாந்தில் ஜேம்சை எதிர்க்க வில்லியம் சென்றபோது, அவர் இல்லாத காலங்களில் மேரியே ஆளச் சட்டம் இயற்றப்பட்டு, ஒன்பது பேர் கொண்ட ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. தந்தையும் கணவரும் எதிரெதிர்ப் படைகளில் நின்ற அந்நாள்களில், பீச்சி ஹெட் கடற்போரில் பிரெஞ்சுக் கடற்படை ஆங்கில, டச்சுக் கப்பல்களைத் தோற்கடித்தது. படையெடுப்பு நேரும் என்று நாடே நடுங்கியது. சதி செய்ததாக ஐயுறப்பட்ட தாய்மாமன் கிளாரண்டன் பிரபுவையும் சிறையிலடைக்க மேரி தயங்கவில்லை. கணவர் ஒவ்வோர் ஆண்டும் போர்க்களம் சென்றபோதெல்லாம் இவ்வாறு ஆண்டு, அவர் திரும்பியதும் அதிகாரத்தை மறுப்பின்றி ஒப்படைத்த அரசியை, பணிவான மனைவி என்று மட்டும் மதிப்பிடுவது பெருந்தவறு.

1692இல் லா ஹோக் போரில் காயமுற்ற மாலுமிகளுக்காகக் கிரீனிச்சில் மருத்துவ இல்லம் அமைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அது கட்டப்படுமுன்னரே, 1694 டிசம்பர் 28 அன்று, பெரியம்மை நோயால் தமது 32ஆம் வயதில் கென்சிங்டன் அரண்மனையில் காலமானார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. துயரத்தால் நிலைகுலைந்த வில்லியம், மறுமணம் செய்துகொள்ளாமல், 1702இல் இறக்கும்வரை தனித்து ஆண்டார். அவருக்குப் பின் மேரியின் தங்கை ஆன் அரியணை ஏறினார்.