உலையும் உலகும் – 9: மிலாறு

சென்ற வாரம் இறைச்சியைப் பற்றி எழுதியிருந்தேன். பூர், நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி 2018இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கணக்கை அதில் சொன்னேன். ஒரு உணவு எத்தனை மைல் தாண்டி வந்தது என்பதைவிட, அது என்ன உணவு, எப்படி விளைந்தது என்பதுதான் பூமிக்குப் பெரிய செலவு என்பது அதன் சாரம். தங்கை அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அன்றிரவே அம்மாவிடமிருந்து அழைப்பு. "அப்ப நம்ம குடிக்கிற தேத்தண்ணி எந்தக் கணக்குல வரும் தம்பி?"

அம்மா இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். அவருடைய கேள்விக்குப் பதில் தேடியதில் இந்த வாரக் கட்டுரை வளர்ந்துவிட்டது.

கோப்பையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் தூள் போதும். அந்த இரண்டு கிராமுக்குப் பத்துக் கிராம் பச்சைக் கொழுந்து வேண்டும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, காயவைத்து எடுப்பதற்குள் கொழுந்தின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு ஆவியாகப் போய்விடுகிறது. காயவைக்கும் சூட்டுக்கு மலையகத்து ஸ்டோர்களில் இன்றைக்கும் பெரும்பாலும் விறகுதான் எரிகிறது. இவ்வளவு நடந்த பிறகும், ஒரு கோப்பைத் தேநீரின் கரிமச் செலவை மலையிலிருந்து மேசைவரை கணக்கிட்டவர்கள் கண்டது வேறு: குடிக்கிறவர் வீட்டில் தண்ணீர் கொதிக்கும் இடத்தில்தான் பெரும்பங்கு இருக்கிறது. பால் சேர்த்தால் அந்தச் செலவு சட்டென ஏறிவிடுகிறது, ஏனென்றால் அசைபோடும் பசுவின் வயிற்றிலிருந்து மீத்தேன் வருகிறது. ஆகவே, அம்மா, நீங்கள் வாழ்நாள் முழுக்கக் குடித்த சாயத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிற அந்தச் சாயத்தண்ணி, உலகத்திலேயே செலவு குறைந்த பானங்களில் ஒன்று.

வாசகர்களுக்கு இதிலிருந்து செய்யக்கூடியது எளிது. ஒருவர் குடிக்க ஒரு கோப்பை அளவுதான் கேத்தலில் ஊற்ற வேண்டும். மூன்று கோப்பைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து இரண்டை ஆறவிடுவது மின்சாரத்தைக் கொட்டுவதுதான். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு எங்கள் ஊர் ஆற்றிலிருந்து வருகிறது. தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்துக் கட்டிய மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் 150 மெகாவாட் கொடுக்கத் தொடங்கியது. ஆறு மலைக்குள் சுரங்கம் வழியாகப் போக, சென் கிளையர் அருவி மெலிந்தது. அந்த அருவியின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவன் நான். வீணாகக் கொதிக்கிற தண்ணீரைப் பார்க்கும்போது எனக்கு அந்த இரைச்சல்தான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று, முடிந்தால் தூளாகவே வாங்குங்கள். 2019இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார் பிளாஸ்டிக் இழையால் செய்த தேயிலைப் பை ஒன்றைக் கொதிநீரில் இட்டுப் பார்த்தபோது, ஒரே பையிலிருந்து 1,160 கோடி நுண்துகள்கள் கோப்பைக்குள் இறங்கியிருந்தன. வடியில் வடித்த சக்கையை ரோஜாச் செடியின் அடியில் போடலாம். பையை எங்கே போடுவது?

குடிக்கிறவரின் பக்கம் இவ்வளவோடு முடிந்துவிடும். சூழல் பற்றிய புத்தகங்களும் பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடுகின்றன. எனக்கு அப்படி முடிக்க மனமில்லை. கொழுந்து பறிக்கிறவருக்கும் ஒரு அடுப்பு இருக்கிறது.

மிலாறு என்றால் மலையகத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டி விழுகிற குச்சியும் கொப்பும்தான் மிலாறு. பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, பெண்கள் அந்த மலைக்குப் போய் மிலாறு பொறுக்கிக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வருவார்கள். இரவுச் சமையல் அதில்தான். நான் படித்தது மிலாறு எரிகிற வெளிச்சத்தில் என்று சொன்னால் மிகையில்லை. காம்பராவுக்குள் புகை நிறைந்திருக்கும், அம்மாவின் கண்கள் எந்நேரமும் சிவந்திருக்கும்.

எங்கள் ஊரில், சென் கூம்ஸ் தோட்டத்தில் இருப்பது தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1925இல் நிறுவப்பட்டது. அவர்கள் தோட்டங்களுக்குச் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று, கவ்வாத்து வெட்டிய மிலாறை அந்த மலையிலேயே விட்டுவிட வேண்டும் என்பது. அது மக்கினால் அதிலிருக்கிற சத்தெல்லாம் மண்ணுக்குத் திரும்பும், சரிவில் மண் கரைந்து ஓடாது, வாங்கிப் போடுகிற உரமும் குறையும். விஞ்ஞானம் முழுக்கச் சரி. ஆனால் மிலாறு மலையிலேயே கிடந்தால் லயத்து அடுப்பு எதில் எரியும்? அம்மாவிடம் கேட்டேன். "செடிக்கும் வேணும், அடுப்புக்கும் வேணும். நாங்க தடிச்சத எடுத்துக்கிட்டு, இலையையும் சிம்பையும் விட்டுட்டு வருவோம்" என்றார். மண்ணுக்கு விரைவாகச் சத்தைத் திருப்பித் தருவது அந்த இலையும் இளஞ்சிம்பும்தான். எந்தப் பயிற்சி வகுப்பிலும் உட்காராமல் அவர்கள் பிரித்துவைத்திருந்த பங்கு அது.

அதே நிலையத்தின் பழைய கதை ஒன்றைச் சொல்லாமல் என்னால் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. 1930களில் இலைசுருட்டுப் புழு தேயிலையைப் பெரிதாக அழித்துக்கொண்டிருந்தது. இலைகளை நூலால் பின்னி மடித்து, உள்ளே இருந்து தின்னும் புழு. 1935–36இல் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். மேக்ரோசென்ட்ரஸ் என்று பெயர். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வெளியே வரும். சில ஆண்டுகளில் புழுவின் கொட்டம் அடங்கிவிட்டது. ஒரு சொட்டு மருந்து இல்லை, ஒருவருக்கும் கை எரியவில்லை, ஆற்றில் எதுவும் கலக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில், தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்கவென்று டீல்ட்ரின் என்ற நஞ்சை மலைமலையாக அடித்தார்கள். வண்டோடு குளவியும் செத்தது. அடங்கிக் கிடந்த இலைசுருட்டுப் புழு திரும்ப எழுந்தது. ஒரு நோய்க்கு அடித்த மருந்து, ஏற்கெனவே ஆறிய புண்ணைக் கீறிவிட்டது. உலகம் முழுவதும் பூச்சியியல் படிக்கிறவர்கள் இன்றைக்கும் பேசுகிற கதை இது. தலவாக்கலைப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்களா? எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, முப்பது வயதுக்குப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

மருந்து என்றதும் எங்கள் சட்டிக்குள் வருகிறேன். நான் சின்னவனாக இருந்தபோது தேயிலைக்கு நடுவே முளைக்கிற குப்பைக்கீரை, மணத்தக்காளி, ஓடையோரத்து வல்லாரை எல்லாம் அம்மாவின் மடியில் வீட்டுக்கு வரும். ரொட்டிக்கு அதுதான் கறி. மலைக்குப் புல்லுமருந்து அடிக்க ஆரம்பித்த பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. மருந்தடித்த மலையில் கீரை கிள்ளக் கூடாது என்று ஆயாமார் பிள்ளைகளை மிரட்டி வைத்தார்கள். காசில்லாமல் கிடைத்த பச்சை உணவு இப்படித்தான் எங்கள் தட்டிலிருந்து போயிற்று.

2015இல் அரசாங்கம் கிளைபோசேட் என்ற புல்லுமருந்துக்குத் தடை போட்டது. ரஜரட்டைப் பகுதியில் பரவிய சிறுநீரக நோய்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. நான் மகிழ்ந்தேன். ஆனால் மாற்றாகச் சில தோட்டங்கள் அடித்த வேறு மருந்தின் எச்சம் தேயிலையில் இருக்கிறதென்று ஜப்பான் முகம் சுளித்தது. களை மண்டிய மலைகளில் அட்டையும் குளவிக்கூடும் பெருகின. அதற்குள் இறங்கிப் பறித்தது பெண்கள்தான். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீங்கியது. பிறகு 2021. இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தி, நாடு முழுவதும் இயற்கை விவசாயம் என்றார்கள். நவம்பரில் அதைத் திருப்பிக்கொண்டார்கள், அதற்குள் மண் பட்டினி கிடந்துவிட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022இல் 25 கோடிக்குச் சற்று மேல் என்று இறங்கியது. பொருளாதார நெருக்கடியும் அதில் சேர்ந்துகொண்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானதும் அதே 2021இல்தான். அதற்குப் பறிக்க வேண்டிய கிலோவைப் பல தோட்டங்கள் கூட்டின. உரமில்லாத செடியில் கொழுந்து இல்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். நஞ்சில்லாத விவசாயத்தை உயிராக நம்புகிறவன் நான். ஆகையால்தான் அந்த ஆண்டை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு நல்ல காரியத்தின் கூலியை நாட்டிலேயே வறியவர்களின் அரைப்பேரிலிருந்து பிடித்தார்கள்.

அந்த வறியவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? ரொட்டி. கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய ரொட்டி, கொஞ்சம் சம்பல், கிடைத்தால் பருப்பு. கோதுமை இந்தத் தீவில் விளைவதில்லை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது, பங்கீட்டோடு மாவு லயத்துக்குள் புகுந்தது. பிறகு அமெரிக்க உதவி மாவு. 1980 முதல் திருகோணமலை ஆலையில் அரைபடும் இறக்குமதிக் கோதுமை. பருப்பும் கடல் கடந்துதான் வருகிறது. உள்ளூரில் விளைந்ததையே உண்ணுங்கள் என்று இந்தத் தொடரில் நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். எங்கள் லயத்தில் உள்ளூரில் விளைவது தேயிலை மட்டும்தான், அதை உண்ண முடியாது.

இறைச்சி குறைவு, பால் குறைவு, வண்டி வாகனம் இல்லை, மின்சாரம் ஒரு விளக்குக்கு. சூழல் கணக்கில் எங்கள் மக்கள் அப்பழுக்கற்றவர்கள். ஆனால் 2016 தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். குறைவாக உண்டு பூமியைக் காப்பது என்ற பேச்சை நான் லயத்துக்குள் எடுத்துக்கொண்டு போக மாட்டேன். பசு வைத்திருக்கிற வீட்டிலும் பால் சேகரிக்கும் வண்டிக்குப் போகிறது, பிள்ளை சாயத்தண்ணி குடிக்கிறது. அந்தப் பிள்ளை பால் குடிக்கட்டும். மீத்தேனைப் பற்றி நாம் நம் வீடுகளில் யோசிப்போம்.

தோட்டப்புறத்தில் இந்தப் பேச்சு நிலத்தில் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் பசியால் ஆட்கள் செத்தார்கள். சுற்றிலும் பச்சை, வாயில் போட ஒன்றுமில்லை. ஒரு மரவள்ளித் தடியை ஊன்றக்கூடத் தோட்டம் விடவில்லை என்று அம்மாச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்று வருடம் கழித்து, நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் 7,000 ஏக்கரை வெளியாருக்குப் பிரித்துக்கொடுக்க முனைந்தபோது தொழிலாளர்கள் எதிர்த்து எழுந்தார்கள். 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். அவர் காத்த மண்ணில் அவரைப் போன்றவர்களுக்கு ஒரு பாத்தி சொந்தமாக இருக்கவில்லை.

பின்னாளில் வந்த வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் கொடுத்தார்கள். ஏறத்தாழ 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு போக, மிச்சம் 125 சதுர மீற்றர் அளவில் நிற்கும். தங்கைக்கு இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு வீடு கிடைத்தது. அம்மா அவளோடு இருக்கிறார். சித்திரையில் போனபோது பார்த்தேன்: ஒரு பாத்தி லீக்ஸ், ஒரு பாத்தி நோக்கோல், வேலியோரம் போஞ்சி, பின்பக்கம் சௌசௌப் பந்தல், மூலையில் ஒரு மரத்தக்காளி. நுவரெலியாச் சந்தைக்கு மரக்கறி அனுப்புகிறவர்கள் விற்கிற பாத்தியையும் வீட்டுப் பாத்தியையும் வேறுவேறாக வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். வீட்டுப் பாத்திக்கு மருந்து அடிப்பதில்லை. அம்மாவிடம் ஒரே வகைப் பாத்திதான். மாட்டெருவும் சாம்பலும் தேத்தண்ணிச் சக்கையும் போடுகிறார்.

நான் போன அன்று பந்தலுக்கு அடியில் ஒரு கட்டு மிலாறு கிடந்தது. வீட்டில் காஸ் அடுப்பு இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டேன். போஞ்சிக்கொடி ஏற என்றார். தடித்த குச்சிகளைப் பொறுக்கி எடுத்து ஒரு முழத்துக்கு ஒன்றாக ஊன்றிக்கொண்டு போனார், நான் பின்னால் சிம்பையும் இலையையும் அள்ளி நோக்கோல் பாத்தியில் பரப்பிக்கொண்டு போனேன்.

(அடுத்த வாரம்: கருவாடு)