ஒரே ஒரு சொல் மாறியதால் 14 ஆண்டு காத்திருந்த நோயாளிகள்! தெரியுமா?

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் ஏறத்தாழ 40-ல் நோயாளிகள் கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்தலாம். ஆனால் அங்கே எந்த டாக்டரும் கஞ்சாவுக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது, தெரியுமா? 1970-லேயே மத்திய அரசு கஞ்சாவையும் ஹெராயினையும் ஒரே தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது! அதனால் டாக்டர்கள் ‘சிபாரிசு’ மட்டும் செய்கிறார்கள்.

சீட்டோ சிபாரிசோ, ரெண்டும் ஒன்றுதானே என்கிறீர்களா? இதைக் கேளுங்கள்!

1996 நவம்பர் 5. கலிஃபோர்னியா, அரிசோனா இரண்டு மாநிலங்களிலும் மருத்துவக் கஞ்சா பற்றி ஒரே நாளில் மக்கள் வாக்கெடுப்பு. கலிஃபோர்னியாவில் சுமார் 55 சதவீதம் பேர் ஆதரவு. அரிசோனாவிலோ 65 சதவீதம்! ஆனால் கலிஃபோர்னியா சட்டத்தில் ‘சிபாரிசு’ என்று இருந்தது. அரிசோனா சட்டத்தில் ‘மருந்துச் சீட்டு’ என்று இருந்தது. அவ்வளவுதான்! அதிக ஓட்டு வாங்கிய சட்டம் காகிதத்தோடு நின்றுபோனது. அரிசோனா நோயாளிகளுக்கு வழி பிறந்தது 2010-ல். அதுவும் எப்படி? 16 லட்சத்துக்கும் மேல் பதிவான ஓட்டுகளில், 4,500-க்கும் குறைவான வித்தியாசத்தில்!

அமெரிக்க அரசே நோயாளிக்குக் கஞ்சா சிகரெட் சப்ளை செய்தது, நம்ப முடிகிறதா? ராபர்ட் ராண்டால் என்பவருக்குக் கண் நீர் அழுத்த நோய். வீட்டில் செடி வளர்த்தார் என்று வழக்கு. 1976-ல் வாஷிங்டன் நீதிமன்றம், கண்ணைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் செய்தது குற்றமாகாது என்று சொல்லிவிட்டது! அவருக்கும், அவரைத் தொடர்ந்து வேறு சில நோயாளிகளுக்கும் அரசு டின்னில் அடைத்து அனுப்ப ஆரம்பித்தது. டின்னைத் திறந்தால் உள்ளே வரிசையாக 300 சிகரெட்டுகள்! 1992-ல் புதிய நோயாளிகளுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அந்தக் கஞ்சா எங்கே விளைந்தது தெரியுமா? மிசிசிப்பி பல்கலைக்கழகத் தோட்டத்தில்! 1968 முதல் அரசுக்காக அங்கே பயிர் செய்கிறார்கள். அப்படியானால் மிசிசிப்பி மக்களுக்குத்தானே முதலில் கிடைத்திருக்க வேண்டும்? இல்லையே!

2020-ல் அந்த மாநிலத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் மருத்துவக் கஞ்சாவை ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். அடுத்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது! காரணத்தைக் கேட்டால் தலை சுற்றும். வாக்கெடுப்பு கோரும் மனுவில், ஒரு நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு கையெழுத்துக்கு மேல் கணக்கில் வராது என்பது விதி. விதி எழுதும்போது ஐந்து தொகுதிகள். பிறகு அவை நான்காகக் குறைந்துவிட்டன. நாலு இருபது எண்பது! மீதி இருபதுக்கு எங்கே போவது? யார் முயன்றாலும் நூறு சதவீதம் தேறவே தேறாது! வலியில் துடிப்பவர்கள் காத்திருக்க, வகுத்தல் கணக்கு ஜெயித்தது. கடைசியில் 2022-ல் சட்டமன்றமே தனியாகச் சட்டம் கொண்டுவந்தது.

ஹவாயில் சட்டம் வந்தது 2000-ல். முதல் கடை திறந்தது? 2017-ல்! பதினேழு வருஷம்!

ஓக்லஹோமா நேர்மாறு! எந்தெந்த நோய்க்குத் தரலாம் என்ற பட்டியலே அந்தச் சட்டத்தில் இல்லை. சுமார் 40 லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் ஒரு கட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட கடைகள்!

ஒரு பாட்டி சட்டத்தையே அசைத்த கதை தெரியுமா? சான்ஃபிரான்சிஸ்கோவின் மேரி ஜேன் ராத்பன். கஞ்சா கலந்த பிரவுனி கேக் சுட்டு எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தவர். சாப்பாடே இறங்காமல் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களுக்கு அதைத் தின்ற பிறகு பசி எடுத்தது! 1992-ல் போலீஸ் உள்ளே நுழைந்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அடுத்த கேக்குக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தார்! அதே ஆண்டு ஆகஸ்ட் 25-ஐ அவர் பெயரால் ‘பிரவுனி மேரி நாள்’ என்று அறிவித்தது அந்த நகரம்! நாலு ஆண்டு கழித்து கலிஃபோர்னியா சட்டம் வர உழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

கொலராடோவின் சார்லட் ஃபிகி என்ற குழந்தைக்கு வாரத்துக்கு சுமார் 300 முறை வலிப்பு! போதை தரும் பொருள் மிகக் குறைவாக உள்ள கஞ்சா எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்த பிறகு, மாதத்துக்கு இரண்டு மூன்று முறை என்று குறைந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். 2013-ல் இது டிவியில் வந்ததும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கொலராடோவுக்கே குடிபோயின! ஏன் குடிபோக வேண்டும், வாங்கி வந்தால் போதாதா? போதாது! எண்ணெய்ப் புட்டியோடு மாநில எல்லையைத் தாண்டினால், மத்திய அரசின் அன்றைய சட்டப்படி அது குற்றமாக இருந்தது!

முதன்முதலில் கஞ்சாவின் மருத்துவப் பயனை ஏற்றுச் சட்டம் போட்ட மாநிலம் கலிஃபோர்னியா என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை, நியூ மெக்சிகோ! 1978-லேயே! அதற்காகச் சட்டமன்றத்தின் படியேறி மன்றாடியவர் லின் பியர்சன் என்ற இளம் புற்றுநோயாளி. சட்டம் நிறைவேறியது. ஆனால் மத்திய அரசின் அனுமதி இழுத்துக்கொண்டே போனது. மருந்து கைக்கு வருமுன்பே, அதே ஆண்டில் அவர் இறந்துபோனார். 2007-ல் நியூ மெக்சிகோ கொண்டுவந்த புதிய சட்டத்தின் பெயரிலேயே ‘லின்’ இருக்கிறது!