முதுகு காட்டி உட்காரும் அம்மா

போச்சியா ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. பந்தைக் கையால் எறியவோ காலால் உதைக்கவோ முடியாத வீரருக்கு ஒரு சாய்தளம் தரப்படும். அதில் பந்தை உருட்டிவிட்டு ஆடலாம். அதை நகர்த்திக் கொடுக்க ஓர் உதவியாளர் உடன் இருப்பார், பல நேரம் அம்மா அல்லது அப்பா. ஆட்டம் நடக்கும்போது அந்த உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்த்தால் தவறு. யோசனை சொன்னாலும் தவறு.

பெருமூளை வாதத்தோடு பிறந்த பிள்ளையை வளர்க்கும் வீடுகளுக்கு இந்த விதியின் அருமை புரியும். எந்தச் சட்டை, எத்தனை இட்லி, எப்போது தூக்கம், கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போவதா வேண்டாமா என்று எல்லாவற்றையும் அடுத்தவர்தான் முடிவு செய்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் பிள்ளைக்கு இருபது வயதானாலும் அது மாறுவதில்லை. இந்தக் களத்தில் பிள்ளை சொல்கிறது, அம்மா கேட்கிறார்.

ஆட்டம் எளிமையானது. வெள்ளைப் பந்து ஒன்று இலக்கு. ஒருவருக்குச் சிவப்புப் பந்து ஆறு, மற்றவருக்கு நீலம் ஆறு. வெள்ளைக்கு யார் பந்து நெருக்கமோ அவருக்குப் புள்ளி. சாய்தளத்தில் ஆடும் ஒரு பெண்ணைக் கிட்டே இருந்து பாருங்கள். நெற்றியில் ஒரு பட்டை, அதிலிருந்து நீளும் கம்பி. பேச்சு தெளிவாக வராது. கண்ணை இடப்பக்கம் ஓட்டுகிறாள். அம்மா சாய்தளத்தை விரற்கடை அளவு தள்ளுகிறார். தலையசைப்பு: போதாது. இன்னும் கொஞ்சம். அடுத்து, பந்தை எவ்வளவு உயரத்தில் வைப்பது? உயரம் கூடினால் வேகம் கூடும். மேலே, இன்னும் மேலே, போதும். கம்பியின் நுனி பந்தைத் தடுத்து நிற்கிறது. அவள் தலையை நிமிர்த்தியதும் பந்து இறங்கி ஓடி, எதிராளியின் நீலப் பந்தை இடித்து ஒதுக்குகிறது. அம்மாவுக்கு அது தெரியாது. மகள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

1984 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெறும் இந்த ஆட்டத்துக்கு ஒலிம்பிக்கில் இணை கிடையாது.  மிகக் கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்களை மனத்தில் வைத்தே உருவானது.

நல்ல விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்குச் சக்கர நாற்காலி கூடைப்பந்தும் சான்று. உடல் இயக்கத்தைப் பொறுத்து ஒவ்வொரு வீரருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி தருகிறார்கள். களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை சர்வதேசப் போட்டிகளில் 14-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே இடுப்புக்கு மேலும் பிடிமானம் இல்லாத ஒரு புள்ளி வீரர் இல்லாமல் வலுவான அணியை அமைப்பது கடினம். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பதினொருவரில் நான்கு பேராவது முழுப் பார்வையற்றவராக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டம் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். இரக்கப்பட்டு யாரும் அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அவர்கள் இல்லாமல் அணியே இல்லை.

இதோடு நம் ஊர்களில் டிசம்பர் 3 அன்று நடப்பதை ஒப்பிட்டால் வருத்தமாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தினம் என்று ஷாமியானா போட்டு, பந்து எறிதல், ஓட்டப்பந்தயம் வைத்து, வந்தவர்கள் எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த ஆட்டம் அடுத்த டிசம்பரில். தோற்க விடாத ஒன்றை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் வந்து ஜெயித்துக் காட்டுகிறேன் என்று ஒரு பிள்ளை கறுவ வேண்டுமானால், அடுத்த வாரம் என்று ஒன்று இருக்க வேண்டும்.

ரியோ பாராலிம்பிக்கில் 2016-இல் தமிழக வீரர் மாரியப்பன் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதையும், 2024 பாரிஸில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூவரும் பேட்மிண்டனில் பதக்கம் வாங்கியதையும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு வந்திருப்பதும் நல்லது. ஆனால் பதக்கத்தை எட்டவே போகாத பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை மாலை.

அதிலும் பெரியவர்களை நாம் அடியோடு மறந்துவிடுகிறோம். பிள்ளையாக இருக்கும்வரை சிறப்புப் பள்ளி, தெரபி என்று ஏதாவது இருக்கும். பதினெட்டு தாண்டியதும் பலருக்கு வீட்டின் நான்கு சுவர்தான். பைக் விபத்திலோ மரத்திலிருந்து விழுந்தோ தண்டுவடம் அடிபட்டவர்கள் நிலையும் இதுதான். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் 1948-இல் வில்வித்தைப் போட்டி நடத்தியது இப்படி அடிபட்டவர்களை வைத்துத்தான். கலந்துகொண்டவர்கள் 16 பேர். இன்றும் கூடைப்பந்துப் பயிற்சிக்கு வரும் புதியவருக்கு முதல் லாபம் பந்தில் கிடைப்பதில்லை. படுக்கைப் புண் வராமல் எப்படி உட்காருவது, நாற்காலியிலிருந்து ஸ்கூட்டருக்கு எப்படி மாறுவது, வெளியூர் போனால் சிறுநீர்ப் பைக்கு என்ன வழி — வீட்டில் கேட்கக் கூச்சப்படும் இதையெல்லாம், இடைவேளையில் பத்து வருஷ அனுபவம் உள்ள அண்ணன் ஒருவர் சாதாரணமாகச் சொல்லித் தருவார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 30-ஆம் பிரிவில் விளையாட்டை அரசின் கடமையாகவே எழுதியிருக்கிறது. சென்னையில் 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடுகின்றன. பேருந்தில் ஏறி மைதானம்வரை வந்துவிட்டவரை வாசலில் மூன்று படி தடுத்தால் என்ன பயன்? பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. படியைத் தாண்டினால், நாற்காலி நுழையாத கழிவறைக் கதவு. இரண்டு மணி நேரம் ஆட வருகிறவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்.

கூடைப்பந்துக்கான விளையாட்டு நாற்காலி வெளிநாட்டிலிருந்து வந்தால் விலை லட்சங்களில் போகும். அதற்கு அரசோ பெரிய நிறுவனமோ கை கொடுத்தாக வேண்டும். போச்சியாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. களம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் உள்ளரங்க ஷட்டில் கோர்ட்டுக்குள் அடங்கிவிடும். பயிற்சிக்கு நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. குழாயே சாய்தளம். கோர்ட் வைத்திருப்பவர்கள் வாரத்தில் கூட்டமில்லாத இரண்டு மணி நேரத்தை ஒதுக்கலாம். வாசற்படிக்கு ஒரு சரிவுப் பலகையும் அகலமான கழிவறைக் கதவும் செய்து வைத்துவிட்டு, பக்கத்துச் சிறப்புப் பள்ளிக்கு ஒரு போன் போடலாம். பள்ளியை முடித்துப் போனவர்களின் பட்டியலையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.